சிடி நார்மல்னு சொல்லிட்டு மூளை அலை டெஸ்ட் எதுக்கு எழுதிக் குடுத்தாங்க?

தம்பி, நீங்க அனுப்பினத ரெண்டு தடவ படிச்சேன். போன ஞாயித்துக்கெழமை காலைல அப்பா தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்க நின்னுக்கிட்டு இருக்கறப்ப வலது கைல இருந்த பை கீழ விழுந்திருக்கு, கை லேசா உதறுச்சுன்னு பக்கத்துல நின்ன ஆண்ட்டி சொல்றாங்க, பேச்சும் கொழறியிருக்கு, பத்து பதினஞ்சு நிமிஷத்துல எல்லாம் சரியாப் போயி அவரும் காஸ்தான்னு சொல்லிட்டு எம்ஆர்டி ஏறி வீட்டுக்கு வந்து சாப்ட்டு படுத்துட்டாரு. சாயந்தரம் நீங்க வந்தப்புறம்தான் விஷயமே தெரிஞ்சு ஏ அண்ட் இக்கு, அதான் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு, கூட்டிட்டுப் போயிருக்கீங்க. சிடி நார்மல். வார்டுல வச்சு எம்ஆர்ஐ எடுத்ததுல மூளைல இடது பக்கம் சின்னதா ஒரு புள்ளி. கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர்னு ரத்த ஓட்டத்தப் பாக்குற ஸ்கேன் எடுத்தாச்சு, ஆனா ரிசல்ட் என்னன்னு நீங்க எழுதல. ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை, கொழுப்பு மாத்திரை ஒண்ணு, கூடவே அடுத்த வாரம் ஈஈஜிங்கற மூளை அலை டெஸ்டுக்கு ஒரு சீட்டு. சிடி நார்மல்னா எதுக்கு இவ்ளோ மாத்திரை, புள்ளி இருந்தா அது மினி ஸ்ட்ரோக்கா இல்ல நெஜ ஸ்ட்ரோக்கா, ஈஈஜின்னா வலிப்புன்னு சந்தேகப்படுறாங்களா, கரண்ட் குடுப்பாங்களான்னு கேட்டிருந்தீங்க.

நான் டாக்டர் இல்ல, மொதல்லயே சொல்லிடுறேன். இருபத்தஞ்சு வருஷத்துக்கும் மேல இங்க சிங்கப்பூர் ஆஸ்பத்திரில தலைல ஒயர் ஒட்டி மூளை அலை பதிவு பண்ற வேலை பாத்தவ. அப்பாவுக்கு என்ன மாத்திரை, எத்தன நாள்ங்கறது அவரு டாக்டர் சொல்றதுதான். டெஸ்டுங்க ஒவ்வொண்ணும் என்ன பேசும், என்ன பேசாதுங்கறத என்னால சொல்ல முடியும்.

கரண்ட் கேள்விய மொதல்ல முடிச்சிடுவோம், அம்மா அத நெனச்சுதான் தூங்காம இருப்பாங்க. குடுக்க மாட்டாங்க. ஈஈஜி மெஷின் தலைக்குள்ள எதையும் அனுப்பாது, உள்ளேருந்து வர்றத ஒட்டுக் கேக்கும், அவ்ளோதான். மூளை செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறப்ப உண்டாகுற மின்சாரம் மண்டையோட்டத் தாண்டி தோலுக்கு வந்து சேர்றதுக்குள்ள 10லேருந்து 100 மைக்ரோவோல்ட்டுன்னு தேஞ்சு போயிடும். நெஞ்சுல எடுக்குற ஈசிஜி மில்லிவோல்ட் கணக்கு, அதுக்கு முன்னால இது எறும்பு. 1924ல ஹான்ஸ் பெர்கர்னு ஒரு ஜெர்மன் மனநல டாக்டர்தான் மனுஷன் தலைலேருந்து இத முதமுதல்ல பதிவு பண்ணாரு, அது மூளைலேருந்துதான் வருதான்னு அவருக்கே உறுதியா தெரியாம திரும்பத் திரும்ப எடுத்துப் பாத்து 1929லதான் வெளியிட்டாரு.

சரி, சிடிக்கு வருவோம். ஏ அண்ட் இல மொத வேலையா சிடி எடுக்குறது உள்ள ரத்தக்கசிவு இருக்கான்னு பாக்கத்தான். கசிவுன்னா சிடில பளிச்சுனு வெள்ளையா உடனே தெரியும். ஆனா ரத்தம் போகாம அடிபட்ட எடம், அதுவும் மொச்சக்கொட்ட அளவுன்னா, மொத சில மணி நேரத்துல சிடில தெரியாம போறதுதான் சகஜம். அதனால சிடி நார்மல்னு அவங்க சொன்னப்ப அதுக்கு அர்த்தம் "ஒண்ணுமில்ல வீட்டுக்குப் போங்க"ன்னு கெடையாது, "கசிவு இல்ல, ரத்தம் உறையாம இருக்குற மருந்த தைரியமா ஆரம்பிக்கலாம்"னு. நம்ம ஆளுங்க நெறைய பேரு இந்த எடத்துல ஏமாந்து போறாங்க. நார்மல்ங்கற வார்த்தைய கேட்டதும் கோயிலுக்கு அர்ச்சன சீட்டு வாங்கிட்டு மாத்திரைய அலமாரில வச்சுட்றாங்க.

எம்ஆர்ஐல அந்தப் புள்ளி எப்படித் தெரிஞ்சுதுன்னா, எம்ஆர்ஐல டிஃப்யூஷன்னு ஒரு வகைப் படம் இருக்கு, தண்ணி மூலக்கூறு எவ்ளோ சுதந்திரமா அலையுதுங்கறத அது காட்டும். மூளை செல்லுக்கு ரத்தம் கெடைக்கலன்னா உப்பை வெளிய தள்ளிக்கிட்டே இருக்குற பம்பு நின்னுடும், வெளிய இருந்த தண்ணி செல்லுக்குள்ள பூந்து செல்லு வீங்கிடும், நெரிசல்ல தண்ணியால அலைய முடியாது, அந்த எடம் படத்துல வெளிச்சமாத் தெரியும். கூட ஏடிசின்னு இன்னொரு படம் இருக்கும், அதுல அதே எடம் கருப்பா இருந்தாத்தான் புதுக் காயம்னு நம்புவாங்க, ஏன்னா பழைய தழும்பு கூட மொதப் படத்துல வெளிச்சமா பாவ்லா காட்டும். நிமிஷக் கணக்குலயே தெரிய ஆரம்பிக்கிற மாத்தம் இது, ஒரு வாரம் பத்து நாள் வரைக்கும் தங்கும், அதனால நீங்க சாயந்தரம் போயும் அது மாட்டிக்கிச்சு.

அப்ப இது மினி ஸ்ட்ரோக்கா நெஜ ஸ்ட்ரோக்கா? முன்னாடியெல்லாம் கடிகாரத்தப் பாத்துதான் பேரு வச்சாங்க, 24 மணி நேரத்துக்குள்ள சரியாப் போனா டிஐஏ, நீங்க சொல்ற மினி ஸ்ட்ரோக், தாண்டுனா ஸ்ட்ரோக். டிஃப்யூஷன் படம் வந்தப்புறம் என்ன ஆச்சுன்னா, முழுசா சரியாப் போயிட்டாருன்னு நெனச்சவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு உள்ள காயம் இருக்கறது தெரிஞ்சுது. அதனால 2009ல அமெரிக்க இதயச் சங்கமும் ஸ்ட்ரோக் சங்கமும் கடிகாரத்த விட்டுட்டு திசுவப் பாத்து பேரு வைக்க ஆரம்பிச்சாங்க, காயம் இல்லன்னாத்தான் டிஐஏ. அந்தக் கணக்குப்படி அப்பாவுக்கு வந்தது ரொம்பச் சின்ன ஸ்ட்ரோக். பேரு மாறுனதால வைத்தியம் பெருசா மாறாது, மாறுறது எச்சரிக்கை. புள்ளி இருக்கறவங்களுக்கு அடுத்த சில நாள்ல திரும்ப வர்ற வாய்ப்பு புள்ளி இல்லாதவங்கள விட அதிகம்.

எம்ஆர்ஐ சுத்தமா இருந்தா டிஐஏவே இல்லன்னு சொல்லிட முடியுமான்னா, முடியாது. மூணுல ரெண்டு பேருக்கு சுத்தமாத்தான் இருக்கும். பின்மூளை, மூளைத்தண்டுப் பக்கம் இருக்குற பொடிக் காயம் மொத நாள் படத்துல தப்பிச்சுப் போறதும் உண்டு.

புள்ளியோட எடமும் ஒரு கதை சொல்லும். ஒரே ரத்தக்குழாய் போற பாதைல இருந்தா அந்தக் குழாய்ல அல்லது அதுக்குக் கீழ கழுத்துல கோளாறு. ரெண்டு பக்கமும் முன்னயும் பின்னயும்னு செதறிக் கெடந்தா இதயத்துலேருந்து ரத்தக்கட்டி பறந்து வந்துதான்னு தேடணும். ரெண்டு குழாயோட எல்லை சேர்ற எடத்துல, வாய்க்காலோட கடைமடை மாதிரி, அங்க வரிசையா இருந்தா ரத்த வரத்தே கொறைஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்பாவோட ரிப்போர்ட்ல புள்ளி எந்த எடம்னு ஒரு வரி இருக்கும், அடுத்த தடவ டாக்டர்கிட்ட அத விளக்கச் சொல்லுங்க, ஏன்னா அந்தக் கை உதறலுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கலாம்.

உதறல்னு அந்த ஆண்ட்டி சொன்ன ஒரே வார்த்தைதான் ஈஈஜி சீட்டுக்குக் காரணம்னு நான் நெனக்கிறேன்.

டிஐஏன்னா பொதுவா இருந்தது இல்லாமப் போகும். பலம் போகும், பேச்சு போகும், ஒரு கண்ணு திரை போட்ட மாதிரி ஆகும், உணர்ச்சி மரத்துப் போகும். இல்லாதது புதுசா வந்து ஆடுனா, கை வெட்டி வெட்டி இழுக்கறது, குச்சி குச்சியா குத்துற மாதிரி மேல ஏறுறது, கண்ணு முன்னால மின்னல் கோடு, அப்ப வேற ஆளு வேஷம் போட்டு வந்திருக்கானோன்னு டாக்டருக்குத் தோணும். வலிப்பு அதுல முக்கியமான ஆளு. வலிப்புன்னா கீழ விழுந்து நொரை தள்றதுன்னுதான் நம்மாளுங்க நெனப்பு, மூளைல ஒரு மூலைல மட்டும் வந்துச்சுன்னா ஒரு கை மட்டும் ஆடும், இல்ல பேச்சு மட்டும் நிக்கும், ஆளு முழிச்சுக்கிட்டேதான் இருப்பாரு. அது அடங்குனப்புறம் அந்தக் கை கொஞ்ச நேரம் செத்துப் போன மாதிரி தொங்கும், டாட்ஸ் பரலிசிஸ்னு பேரு, அந்த நேரத்துல வந்து பாக்குறவங்களுக்கு அது அச்சு அசல் ஸ்ட்ரோக்தான்.

ஒத்தத் தலைவலி மைக்ரேன் இன்னொரு ஆளு, அது அஞ்சு நிமிஷத்துக்கு மேல எடுத்து மெதுவா பரவும், டிஐஏ மாதிரி ஸ்விட்ச் தட்டுன வேகம் இருக்காது. சர்க்கரை எறங்கிப் போனாலும் பேச்சு கொழறும் ஒரு பக்கம் பலம் போகும், அதனாலதான் ஏ அண்ட் இல வெரல்ல குத்தி சுகர் பாக்குறாங்க, இன்சுலின் போட்டுட்டு விரதம் இருக்குற நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு இத சொல்லி வைக்கணும்.

இதெல்லாத்துலயும் எனக்கு பயமான ஆளு ஒருத்தன் இருக்கான். வயசானவங்களுக்கு மூளை மேல்தோல் ரத்தக்குழாய்ல அமிலாய்டுன்னு ஒரு புரதம் படிஞ்சு குழாய் பொடிப்பொடியா கசியும், அப்ப வெரல்லேருந்து மரமரப்பு கைக்கு ஏறி வாய்க்கு வந்து சில நிமிஷத்துல போயிடும், திரும்பத் திரும்ப அதே மாதிரி வரும். பாக்க டிஐஏ மாதிரியே இருக்கும், அத டிஐஏன்னு நெனச்சு ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை போட்டா கசியற குழாய மேல கசிய விட்ட மாதிரி ஆயிடும். எம்ஆர்ஐல பழைய ரத்தக்கறையக் காட்டுற எஸ்டபிள்யூஐன்னு ஒரு வரிசை எடுக்கறது இதுக்குத்தான். அப்பாவுக்கு வார்டுல வச்சு எடுத்த படத்துல அது அனேகமா இருக்கும், ரிப்போர்ட்ல நுண்கசிவு இல்லன்னு போட்டிருந்தா மூச்சு விடலாம்.

திரும்ப உதறலுக்கு வரேன், ஏன்னா இதுல ஒரு முடிச்சு இருக்கு. கை உதறுனா வலிப்புன்னு எடுத்த எடுப்புல சொல்லிட முடியாது, டிஐஏலயே கை கால் உதறுற வகை ஒண்ணு இருக்கு. கழுத்து ரத்தக்குழாய் ரொம்ப அடைச்சுப்போயி மூளைக்கு ரத்தம் நூல் மாதிரி போயிக்கிட்டு இருக்கறவங்க, நாற்காலிலேருந்து டக்குனு எந்திரிக்கறப்ப, ரொம்ப நேரம் நிக்கிறப்ப, பிரஷர் மாத்திரை போட்டு பிரஷர் எறங்கியிருக்கறப்ப எதிர்ப்பக்கக் கை தாறுமாறா உதறும், முகம் பெரும்பாலும் உதறாது, நெனவு தப்பாது, ஒக்காந்தாலோ படுத்தாலோ அடங்கும். வலிப்புல உதறல் ஒரு தாளத்துல வெட்டும், வெரல்லேருந்து முழங்கைக்கு அங்கேருந்து முகத்துக்குன்னு நடந்து போகும். எழுதிக் காட்டுறப்ப வித்தியாசம் தெளிவாத்தான் இருக்கு, மார்க்கெட் கூட்டத்துல மீன் தண்ணில வழுக்கிக்கிட்டு நிக்கிற ஆண்ட்டிக்கு அது எப்படித் தெரியும்? அங்கதான் ஈஈஜி ஒரு கை குடுக்குது, ஆனா முழுக்கையும் குடுக்காது.

ஏன் முழுசா குடுக்காதுன்னு புரிய, மூளைக்கு ரத்தம் கொறையறப்ப அலைக்கு என்ன ஆகும்னு தெரியணும். கழுத்து அடைப்ப சுரண்டி எடுக்குற ஆபரேஷன்ல தியேட்டர் மூலைல என் மெஷினோட நான் ஒக்காந்திருப்பேன். சர்ஜன் ரத்தத்த நிறுத்த குழாய்க்கு க்ளாம்ப்னு கவ்வி போடற நேரத்த சத்தமா சொல்லுவாரு, நான் ஸ்க்ரீன விட்டு கண்ண எடுக்க மாட்டேன். நல்லா இருக்குற மூளைல 100 கிராமுக்கு நிமிஷத்துக்கு 50 மில்லி பக்கம் ரத்தம் ஓடும். அது 25க்குக் கிட்ட எறங்குனா அந்தப் பக்கத்து வேகமான அலையெல்லாம் மெலிஞ்சு போகும், இன்னும் எறங்குனா தீட்டா, டெல்ட்டான்னு மெதுவான பெரிய அலை வரும், 10க்கும் கீழ போச்சுன்னா கோடு படுத்துடும், செல்லு சாக ஆரம்பிக்கிற எடமும் அதுதான். எதிர்ப்பக்கத்துலேருந்து ரத்தம் வந்து சேராதவங்களுக்கு க்ளாம்ப் போட்ட அரை நிமிஷத்துக்குள்ளயே இந்த மாத்தம் கண்ணுக்குத் தெரியும், "லெஃப்ட் சைட் ட்ராப்"னு கத்துவேன், சர்ஜன் தற்காலிகக் குழாய் ஒண்ணு சொருகி ரத்தத்த ஓட விடுவாரு, அலை திரும்ப வந்துடும். முதத் தடவ அத பாத்தப்ப எனக்கு கை சில்லுனு ஆயிடுச்சு.

ரத்தம் வந்ததும் அலையும் வந்துருச்சுங்கறதுதான் இங்க விஷயம். அப்பாவுக்கு மார்க்கெட்ல அந்தப் பதினஞ்சு நிமிஷம் தலைல ஒயர் இருந்திருந்தா இடது பக்கம் ஏதாவது தெரிஞ்சிருக்கலாம். ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு எடுக்கறப்ப பெரும்பாலும் நார்மலாத்தான் வரும். சிலருக்கு அந்தப் பக்கம் லேசா மெதுவான அலை சில நாள் தங்கியிருக்கும், கம்ப்யூட்டர வச்சு டெல்ட்டாவுக்கும் அத விட வேகமான ஆல்ஃபா அலைக்கும் விகிதம் போட்டு, இடது வலது சமமா இருக்கான்னு கணக்குப் பண்ணி கண்ணுக்குத் தப்பறதக் கூட பிடிக்கப் பாக்குறாங்க, ஆராய்ச்சிக்கு நல்லாருக்கு. ஆனா மெதுவான அலைங்கறது எந்தக் காரணத்துக்கும் வரும், வலிப்பு வந்துட்டுப் போனாலும் வரும், மைக்ரேனுக்கும் வரும், அதனால அத மட்டும் வச்சு "இது டிஐஏதான்"னு யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. வயசானவங்களுக்கு இடது பொட்டுப் பக்கம் கொஞ்சம் மெதுவான அலை வயசோட வர்றதுதான், அந்த வரிய ரிப்போர்ட்ல படிச்சுட்டு கூகிள்ல தேடி ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன் பண்ண சொந்தக்காரங்க உண்டு.

அப்ப ஈஈஜில என்னதான் தேடுறாங்கன்னா, வலிப்புக்காரன் விட்டுட்டுப் போன செருப்ப. கூரா ஒரு ஸ்பைக், பின்னாடியே ஒரு மெதுவான அலை, ஒரே எடத்துல திரும்பத் திரும்ப. அது இருந்தா கை உதறல் வலிப்புங்கற பக்கம் தராசு சாயும். இல்லன்னா வலிப்பே இல்லன்னு ஆகாது, வலிப்பு இருக்கறவங்கள்லயே பாதிப்பேருக்கு மேல ஒரு தடவ எடுத்தா சுத்தமா வரும், அந்த அரை மணி நேரம் ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறோம், அந்த நேரத்துல திருடன் அங்க இல்லாம இருக்கலாம். அதுக்குத்தான் தூக்கம் கொறைச்சு வரச் சொல்லி திரும்ப எடுக்கறது. அப்பறம், சின்ன ஸ்ட்ரோக் தழும்பே பின்னாடி வலிப்புக்கு வித்தாகறதும் உண்டு, அதனால ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்கக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல. வலிப்பு ரொம்ப நேரம் நீடிச்சா அதுவே எம்ஆர்ஐல வெளிச்சமாத் தெரியும்ங்கற கூத்தும் இருக்கு, அது பெரும்பாலும் மேல்தோல் வளைவு வழியா ரிப்பன் மாதிரி ஓடும், அப்பாவுக்கு இருக்குற மாதிரி ஒத்தப் புள்ளியா இருக்காது.

என்னக் கேட்டா, உதறல்னு ஒருத்தர் சொல்லலன்னா இந்த ஈஈஜி தேவையே இல்ல. டிஐஏன்னு வர்ற எல்லாருக்கும் எடுக்குற டெஸ்ட் இல்ல இது. அதனால அப்பாய்ன்மெண்ட் அடுத்த வாரமா இருக்கேன்னு கவலப்படாதீங்க, அது காத்திருக்கும். காத்திருக்காதது அந்த டாப்ளர் ரிசல்ட், நீங்க ஒரு வரி கூட எழுதாம விட்டது அதத்தான்.

இடது கழுத்துக் குழாய் எத்தன சதவீதம் அடைப்புன்னு இன்னிக்கே வார்டுக்கு போன் போட்டுக் கேளுங்க, இல்ல டிஸ்சார்ஜ் பேப்பர்ல தேடுங்க. 1991ல வட அமெரிக்கால வெளியான பெரிய ஆய்வுல, டிஐஏ இல்ல சின்ன ஸ்ட்ரோக் வந்து அந்தப் பக்கக் குழாய் 70 சதவீதத்துக்கு மேல அடைச்சிருந்தவங்களுக்கு, மாத்திரைய மட்டும் நம்பறத விட அடைப்ப எடுக்கறது ரொம்ப நல்லதுன்னு தெளிவாச்சு. 50லேருந்து 70க்குள்ளன்னா பலன் கொறைவு, ஆனாலும் ஆளப் பாத்து யோசிப்பாங்க. அத ரெண்டு வாரத்துக்குள்ள செஞ்சாத்தான் முழுப் பலன், தள்ளத் தள்ள கொறையும். உங்களுக்கு அந்த ரெண்டு வாரம் ஞாயித்துக்கெழமை காலைலேயே ஓட ஆரம்பிச்சாச்சு. அடைப்பு பெருசா இருந்தா அவங்களே விட்டிருக்க மாட்டாங்கதான், இருந்தாலும் கேட்டு வச்சுக்கறதுல ஒண்ணும் கொறைஞ்சு போயிடாது.

கழுத்து நல்லாருக்குன்னு வந்தாலும் அதோட நிக்காதீங்க. வெள்ளக்காரங்களுக்கு கழுத்துல அடைக்கறது அதிகம், நம்ம ஊர்ல சீனரு, மலாய்க்காரரு, இந்தியருன்னு ஆசியாக்காரங்களுக்கு மண்டைக்குள்ள இருக்குற குழாய்லயே சுருக்கம் விழறது ஜாஸ்தி, கழுத்து டாப்ளர் அத பாக்காது. அதுக்கு எம்ஆர்ஐலயே ரத்தக்குழாய் படம் இல்ல சிடி ஆஞ்சியோ எடுப்பாங்க. பொட்டு எலும்பு வழியா உள்ள பாக்குற டாப்ளர் ஒண்ணு இருக்கு, வயசான ஆசியப் பெண்களுக்கு அந்த எலும்பு வழியா அல்ட்ராசவுண்டு போகாம பாதி நேரம் ஒண்ணுமே தெரியாது, அப்பாங்கறதால கொஞ்சம் சுலபம்.

இதயமும் மறக்கக் கூடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு துடிப்பு தாறுமாறா ஆகறது ஒண்ணு இருக்கு, வந்து வந்து போகும், ஒரு நாள் ஈசிஜில மாட்டாது. நாங்க ஈஈஜி எடுக்கறப்ப ஓரத்துல ஒரு சேனல் ஈசிஜிக்குன்னு ஓடும், மூளைக்குன்னு வந்த ஆளுக்கு அந்தக் கடைசிக் கோட்ல துடிப்பு தப்பித் தப்பி ஓடுறத பாத்து டாக்டர கூப்ட்டு காமிச்சது என் அனுபவத்துல உண்டு. அது இருந்தா மாத்திரையே வேற.

ரெண்டு மாத்திரை எதுக்குன்னு கேட்டீங்கல்ல. 2000ல கலிஃபோர்னியால ஒரு ஆய்வு வந்துச்சு, டிஐஏன்னு ஏ அண்ட் இக்கு வந்த 1,707 பேர்ல பத்துல ஒருத்தருக்கு 90 நாளுக்குள்ள ஸ்ட்ரோக், அதுலயும் பாதிப்பேருக்கு மொத ரெண்டு நாள்லயே. அப்பறம் 2007ல ஆக்ஸ்ஃபோர்டுல, காத்திருக்க வைக்காம அன்னிக்கே பாத்து அன்னிக்கே மருந்த ஆரம்பிச்சா அந்த ஆபத்து 10.3 சதவீதத்துலேருந்து 2.1க்கு எறங்குச்சுன்னு காமிச்சாங்க. புது மருந்து ஒண்ணும் இல்ல, சீக்கிரம் குடுத்தாங்க, அவ்ளோதான். 2013ல சீனால நடந்த ஆய்வு ஆஸ்பிரினோட க்ளோபிடோக்ரெல்லயும் சேத்து மொத மூணு வாரம் குடுத்தா தனி ஆஸ்பிரின விட நல்லதுன்னு சொல்லுச்சு. பொதுவா மூணு வாரத்துக்கு அப்பறம் ஒண்ண நிறுத்துவாங்க, எத எப்பங்கறத டாக்டர் சொல்லுவாரு. ஈஈஜி நார்மல்னு வந்ததும் "அப்ப ஒண்ணுமில்ல"ன்னு நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க, அந்த டெஸ்டுக்கும் இந்த மாத்திரைக்கும் சம்பந்தமே இல்ல.

டெஸ்ட் அன்னிக்கு என்ன செய்யணும்னா, மொத நாள் ராத்திரி ஷாம்பூ போட்டு தலைய நல்லா அலசச் சொல்லுங்க. தேங்கா எண்ணெய், ப்ரில்க்ரீம், ஹேர் டை எதுவும் வேணாம். இத எத்தன தடவ சொன்னாலும் நம்ம அங்கிள்மாருங்க தலை நிறைய எண்ணெய வச்சு வழிச்சு சீவிட்டுத்தான் வருவாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நீட்டா போகணும்ல. எண்ணெய் இருந்தா எலக்ட்ரோடு வழுக்கும், அலைக்குப் பதிலா குப்பதான் பதிவாகும். தைப்பூசம் முடிஞ்ச வாரம் மொட்டத் தலையோட வர்றவங்கதான் எங்களுக்கு ராஜா, ஒட்டுனா ஒட்டுன எடத்துல நிக்கும். நெத்தில ரெண்டு ஒட்டுவாங்க, திருநீற தொடச்சுட்டுத்தான் ஒட்ட முடியும், அப்பாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, முடிச்சப்புறம் திரும்பப் பூசிக்கலாம். காலைல வழக்கம் போல சாப்ட்டுட்டு மாத்திரையும் போட்டுட்டு வரலாம், பட்டினி கெடந்து சர்க்கரை எறங்குனா அலையே மாறிடும். 21 எலக்ட்ரோடு, டேப்பு வச்சு தலைய அளந்து 10-20ன்னு ஒரு கணக்குப்படி ஒட்டறதுக்கே அரை மணி நேரம் போயிடும், பதிவு இன்னொரு அரை மணி. நான் வேலைக்குச் சேந்த புதுசுல எல்லாம் பேப்பர், செகண்டுக்கு 30 மில்லிமீட்டர் வேகத்துல பேனா கீச்சு கீச்சுன்னு ஓடும், 20 நிமிஷத்துக்கு 36 மீட்டர் காகிதம், ஒரு ஆளோட மூளைய தூக்கிட்டுப் போக ட்ராலி வேணும்.

முக்கியமா ஒண்ணு. பாதில மூணு நிமிஷம் வேக வேகமா மூச்சு இழுத்து விடச் சொல்லுவாங்க, வலிப்பு அலைய வெளிய கொண்டு வர்றதுக்கு. வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொறையும், மூளை ரத்தக்குழாய் சுருங்கும், அப்பா மாதிரி இப்பத்தான் ரத்தம் தடைபட்டு எந்திரிச்சு வந்தவங்களுக்கு அது வேணவே வேணாம். நாங்க சீட்டப் பாத்து அத விட்டுடுவோம், ஆனா சீட்டுல வெறும் "உதறல், வலிப்பா?"ன்னு மட்டும் எழுதியிருந்தா டெக்னாலஜிஸ்ட்டுக்கு எப்படித் தெரியும், நீங்களே வாயத் தெறந்து "ஒரு வாரம் பத்து நாளைக்கு முன்னாடி சின்ன ஸ்ட்ரோக் வந்துச்சு, எம்ஆர்ஐல புள்ளி இருக்கு"ன்னு சொல்லிடுங்க.

காசு விஷயம், சிறப்பு மருத்துவர் க்ளினிக்ல மானியத்தோட போனா சமாளிக்கற மாதிரிதான் வரும், மெடிசேவ்ல, அதான் மத்திய சேம நிதில இருக்குற மருத்துவச் சேமிப்புல, எவ்ளோ எடுக்கலாம்னு கவுண்டர்லயே கேளுங்க, உங்களோட மெடிசேவையும் பயன்படுத்தலாம். இன்னொரு தடவ அப்பாவுக்கு அப்படி வந்தா பாலிக்ளினிக்ல நம்பர் எடுத்து ஒக்காந்துக்கிட்டு இருக்காதீங்க, கிராப் டாக்சியும் கூப்புடாதீங்க, 995 ஆம்புலன்ஸ். பத்து நிமிஷத்துல சரியாப் போயிட்டாலும் 995தான். அப்பா வண்டி ஓட்டறவர்னா டாக்டர் சரின்னு சொல்றவரைக்கும் சாவிய நீங்க வச்சுக்கங்க, சண்ட போடுவாரு, போடட்டும்.

அப்பறம் இந்த வாரம் ஒரு காலைல நேரம் ஒதுக்கி தேக்காவுக்குப் போயிட்டு வாங்க. அந்த ஆண்ட்டி பக்கத்துல நின்னவங்க, மீன் கடைக்காரரு எதிர்ல நின்னவரு, அவருதான் அப்பா முகத்தப் பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு. பை விழுந்ததுக்கு முன்னாடி கை உதறுச்சா பின்னாடி உதறுச்சா, ஒரே தாளத்துல வெட்டுச்சா கன்னாபின்னான்னு ஆடுச்சா, வாயும் சேந்து இழுத்துச்சா, அப்பா எவ்ளோ நேரமா நின்னுக்கிட்டு இருந்தாரு, ஸ்டூல் போட்டு ஒக்கார வச்சதும் அடங்குச்சா, பேச்சு கொழறுச்சுன்னா சொல்லு வரலையா இல்ல நாக்கு பொரளலையா, இத்தனையும் கேட்டு அன்னிக்கே போன்ல எழுதி வைங்க. அப்பாகிட்டயும் தனியா கேளுங்க, காலைல பிரஷர் மாத்திரைய வெறும் வயித்துல போட்டுட்டு கெளம்புனாரான்னு. அந்தக் குறிப்ப டாக்டருக்கும் குடுங்க, ஈஈஜி எடுக்கறவங்களுக்கும் ஒரு காப்பி குடுங்க, எங்களுக்கு யாரும் அத குடுக்கறதில்ல.